எலும்பு மருந்தும் தாடை எலும்பும்

 

முன்பெல்லாம் வயதானவர்கள் இடுப்பு வலி, முதுகு வலி என்றால் தைலம் தேய்ப்பார்கள். கூன் விழுந்தால் வயதாகிவிட்டது என்பார்கள். வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் படுத்த படுக்கைதான். இன்று அப்படி இல்லை. எலும்பின் பலத்தை அளந்து பார்க்கக் கருவி வந்துவிட்டது. பலம் குறைந்திருந்தால் மாத்திரை தருகிறார்கள். ஊசி போடுகிறார்கள். பெங்களூர் நகரத்தின் பெரிய ஆஸ்பத்திரிகளில் இது சாதாரணமாக நடக்கிறது. ஜோகுபாளையத்துப் பாட்டிமார்களும் இந்த மருந்தை வாங்கலாம்.

இவை நல்ல மருந்துகள். எலும்பு முறிவைத் தடுக்கின்றன. ஆனால் மிகச் சிலருக்கு இந்த மருந்தால் தாடை எலும்பில் ஒரு கெடுதல் வருகிறது. அதைப் பற்றித்தான் இன்றைய பேச்சு. இதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். தெரிந்துகொண்டால் போதும். பெரும்பாலும் தடுக்கலாம். வந்தாலும் வைத்தியம் உண்டு.

எலும்புக்கும் உயிர் உண்டு

எலும்பைப் பார்த்தால் கல் போல இருக்கிறது. ஆனால் அது கல் இல்லை. அதற்குள் ரத்தம் ஓடுகிறது. அது தினமும் புதுப்பிக்கப்படுகிறது.

எப்படி? எலும்புக்குள் இரண்டு வகை வேலையாட்கள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு வகை, இடிக்கும் ஆட்கள். பழையதாகி விரிசல் விட்ட இடத்தை இடித்து அள்ளுவார்கள். இன்னொரு வகை, கட்டும் ஆட்கள். இடித்த இடத்தில் புது எலும்பைக் கட்டுவார்கள். இரண்டு வேலையும் சமமாக நடந்தால் எலும்பு உறுதியாக இருக்கும்.

வயதானால் இந்தச் சமநிலை கெடும். பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு இது வேகமாக நடக்கும். இடிப்பது அதிகமாகிறது. கட்டுவது குறைகிறது. எலும்பு உள்ளே சல்லடை போல ஆகிவிடுகிறது. இதைத்தான் எலும்புத் தேய்மானம் என்கிறார்கள்.

புற்றுநோயிலும் இப்படி நடக்கும். மார்பகப் புற்றுநோய் சிலருக்கு எலும்புக்குப் பரவும். அப்போது நோய், இடிக்கும் ஆட்களைத் தூண்டிவிடுகிறது. எலும்பு அரித்துப் போகிறது. தாங்க முடியாத வலி வருகிறது.

மருந்து என்ன செய்கிறது? இடிக்கும் ஆட்களின் கையைக் கட்டிப் போடுகிறது. அதனால் எலும்பு கரைவது குறைகிறது. முறிவும் குறைகிறது. இதுதான் நன்மை.

தாடையில் மட்டும் ஏன் கெடுதல்?

உடம்பில் எத்தனையோ எலும்புகள் இருக்கின்றன. தாடை மட்டும் ஏன் அகப்பட்டுக்கொள்கிறது?

கை எலும்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் சதை இருக்கிறது. அதன்மேல் தோல் இருக்கிறது. வெளிக் கிருமி எளிதில் நுழையாது. தாடை எலும்பின்மேல் மெல்லிய ஈறு மட்டுமே இருக்கிறது. அந்த ஈறைத் துளைத்துக்கொண்டு பற்கள் வெளியே நிற்கின்றன. வாயிலோ எப்போதும் கிருமிகள் உண்டு. பல் சொத்தையானால், ஈறு பழுத்தால், கிருமி எலும்பு வரை போய்விடும். பல்லைப் பிடுங்கினால் எலும்பில் திறந்த குழி உண்டாகும்.

இப்போது இடிக்கும் ஆட்கள் வேலை செய்தாக வேண்டும். கெட்ட எலும்பை அள்ளி வெளியேற்ற வேண்டும். அப்போதுதான் புது எலும்பு வளரும். ஆனால் அவர்களின் கைதான் கட்டப்பட்டிருக்கிறதே! இடிந்த சுவரை அகற்றாமல் புதுச் சுவர் எழுப்ப முடியுமா? எந்தக் கொத்தனாரும் முடியாது என்றுதான் சொல்வார். அதுபோலக் குழி ஆறாமல் நிற்கிறது. எலும்பு செத்துப் போகிறது. ஈறு விலகி, எலும்பு வெளியே தெரிகிறது.

மேல் தாடையைவிடக் கீழ்த் தாடையில்தான் இது அதிகம். நாலு பேருக்கு வந்தால் அதில் சுமார் மூன்று பேருக்குக் கீழ்த் தாடையில் வருகிறது.

தீப்பெட்டி சொல்லும் பழைய கதை

தாடை எலும்பு சாகும் நோய் ஒன்று 150 ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது. அது தீப்பெட்டித் தொழிலாளர்களுக்கு வந்தது.

அந்தக் காலத்தில் தீக்குச்சி முனையில் வெள்ளைப் பாஸ்பரஸ் என்ற பொருளைத் தடவினார்கள். அதன் புகையை மூச்சில் இழுத்த தொழிலாளர்களுக்குப் பல் வலி வந்தது. பிறகு தாடை வீங்கியது. சீழ் வடிந்தது. எலும்பு செத்தது. 1845-ல் வியன்னா நகரத்து டாக்டர் லோரின்சர் இதை எழுதி வைத்தார். 1888-ல் லண்டன் நகரத்துத் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இந்தத் தாடை நோயும் அவர்களுடைய துயரங்களில் ஒன்று. 1906-ல் பெர்ன் நகரத்தில் பல நாடுகள் கூடின. வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சியைத் தடுக்க ஒப்பந்தம் செய்தன. இந்தியாவில் 1913-ல் தடைச் சட்டம் வந்தது. சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தொடங்கியது அதற்குப் பிறகு, 1920-களில்தான். அதனால் அந்தக் கொடிய நோயிலிருந்து சிவகாசித் தொழிலாளர்கள் தப்பினார்கள்.

இந்த எலும்பு மருந்துகளில் ஒரு பெரிய வகையிலும் பாஸ்பரஸ் சேர்ந்திருக்கிறது. ஆனால் அது வெள்ளைப் பாஸ்பரஸ் போன்ற விஷம் இல்லை. மருந்தாகச் செய்யப்பட்டது. அமெரிக்காவில் 1995-ல் அலென்ட்ரோனேட் என்ற மாத்திரைக்கு எலும்புத் தேய்மானத்துக்காக அனுமதி கிடைத்தது. பிறகு உலகம் எங்கும் பரவியது.

2003-ல் அமெரிக்காவின் மியாமி நகரத்து டாக்டர் ராபர்ட் மார்க்ஸ் ஒரு செய்தியை வெளியிட்டார். இவர் தாடை அறுவை மருத்துவர். எலும்பு மருந்தை ஊசி வழியாகப் பெற்ற 36 பேருக்குத் தாடை எலும்பு செத்திருப்பதைக் கண்டார். அதன் பிறகுதான் உலக டாக்டர்கள் விழித்துக்கொண்டார்கள். வைத்திய முறைகளையும் தடுக்கும் முறைகளையும் வகுத்தார்கள்.

யாருக்கு வரும்? எவ்வளவு பேருக்கு வரும்?

எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரையோ வருடாந்திர ஊசியோ பெறுகிறவர்களுக்கு ஆபத்து மிகக் குறைவு. 10,000 பேரில் 2 முதல் 5 பேருக்கு வரலாம் என்று மருத்துவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

புற்றுநோய்க்காக ஊசி பெறுகிறவர்களுக்கு ஆபத்து அதிகம். அவர்களுக்கு மருந்தின் அளவு கூட. மாதம் ஒரு முறை அல்லது மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடுகிறார்கள். அவர்களிலும் 100 பேரில் 5 பேருக்கும் குறைவாகவே இது வருகிறது.

பல வருடம் மருந்து எடுத்தவர்கள், சர்க்கரை நோய் உள்ளவர்கள், ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், புகை பிடிக்கிறவர்கள், ஈறு நோய் உள்ளவர்கள், பொருந்தாத பல் செட்டு போட்டிருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் வைட்டமின் டி மாத்திரையும் இந்தக் கெடுதலைச் செய்வதில்லை. அவற்றைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

எப்படித் தெரிந்துகொள்வது?

பல் பிடுங்கிய குழி சாதாரணமாக இரண்டு மூன்று வாரத்தில் மேலே மூடிக்கொள்ளும். அது மூடாமல் இருந்தால் முதல் அடையாளம். நாக்கால் தடவினால் கரடுமுரடாகத் தட்டுப்படும். கண்ணாடியில் பார்த்தால் வெளுப்பாக அல்லது மஞ்சளாக எலும்பு தெரியும். சிலருக்கு வலி இருக்காது. சிலருக்கு வலி, வீக்கம், சீழ், வாய் நாற்றம் இருக்கும். நல்ல பல் ஆடத் தொடங்கும். கீழ் உதடு மரத்துப் போகும்.

தாடைக்குக் கதிர் வைத்தியம் பெறாத ஒருவருக்கு, இந்த மருந்து எடுத்த பிறகு எட்டு வாரத்துக்கு மேல் எலும்பு வெளியே தெரிந்தால், அது இந்த நோய் என்று டாக்டர்கள் முடிவு செய்கிறார்கள். அதற்காக எட்டு வாரம் வீட்டில் காத்திருக்க வேண்டும் என்று அர்த்தம் இல்லை. சந்தேகம் வந்த அன்றே போக வேண்டும்.

வாய்ப் புண் எல்லாம் இந்த நோய் இல்லை. 2021-ல் கருப்புப் பூஞ்சை நோய் வந்தது. அதிலும் பலருக்குத் தாடை எலும்பு செத்தது. அது பூஞ்சைக் காளானால் வருவது. வைத்தியமும் வேறு. வெற்றிலை, பாக்கு, புகையிலை போடுகிறவர்களுக்கு ஆறாத புண் வந்தால் வாய்ப் புற்றுநோயாகவும் இருக்கலாம். ஆகவே டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார். தேவைப்பட்டால் ஸ்கேன் எடுப்பார். சதைத் துண்டு எடுத்துப் பரிசோதிப்பார். வீட்டில் இருந்தபடி யாரும் முடிவு கட்டக் கூடாது.

என்ன வைத்தியம்?

எலும்பு வெளியே தெரிகிறது, வலி இல்லை, சீழ் இல்லை என்றால் ஆரம்ப நிலை. வாய் கொப்பளிக்கக் கிருமிநாசினி மருந்து தருவார்கள். குளோர்ஹெக்சிடின் என்பது அதன் பெயர். வாயைச் சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும். எலும்பின் கூர்மையான ஓரம் நாக்கைக் குத்தினால் டாக்டர் மழுக்கிவிடுவார். பிறகு அடிக்கடி வந்து காட்டச் சொல்வார்.

வலியும் சீழும் இருந்தால் இரண்டாம் நிலை. கிருமியைக் கொல்லும் மாத்திரையும் வலி மாத்திரையும் சேரும். செத்த எலும்புத் துண்டு தானாகத் தளர்ந்திருந்தால் டாக்டர் அதை எடுத்துவிடுவார். ஆடுகிறதே என்று வீட்டில் பிடித்து இழுக்கக் கூடாது.

தாடை முறிந்தாலோ, சீழ் தாடையைத் துளைத்துக் கன்னத்தின் வெளியே வடிந்தாலோ, அது முற்றிய நிலை. செத்த பகுதியை அறுத்து எடுப்பார்கள். ரத்தம் கசியும் நல்ல எலும்பு தெரியும் வரை எடுத்து, ஈறை இழுத்து மூடித் தையல் போடுவார்கள். தாடையின் பெரிய பகுதி போய்விட்டால் டைட்டானியம் தகடு வைப்பார்கள். சிலருக்குக் கீழ்க்காலில் உள்ள மெல்லிய எலும்பை எடுத்துத் தாடையாக வைப்பார்கள்.

முன்பு அறுவையைக் கடைசி வழியாகவே வைத்திருந்தார்கள். இப்போது கருத்து மாறியிருக்கிறது. தகுந்த நோயாளிக்கு எந்த நிலையிலும் அறுவை செய்யலாம் என்று 2022-ல் அமெரிக்கத் தாடை அறுவை மருத்துவர்கள் சங்கம் சொன்னது. எலும்புத் தேய்மானக்காரர்கள் சிலருக்கு டெரிபராடைடு என்ற ஊசியும் உதவுகிறது. அது கட்டும் ஆட்களைத் தூண்டும். எலும்புக்குப் பரவிய புற்றுநோய் உள்ளவர்களுக்கு அது கூடாது.

ஆறுவதற்கு மாதக் கணக்கில் ஆகலாம். பொறுமை வேண்டும். புகையிலை வைத்து அடக்குவது, கிராம்புத் தைலத்தைக் குழியில் ஊற்றுவது, இதெல்லாம் புண்ணை மோசமாக்கும்.

மருந்தை நிறுத்திவிடலாமா?

இதைக் கேட்டதும் சிலர், "அந்த ஊசியே வேண்டாம்" என்பார்கள். அது தவறு. இடுப்பு எலும்பு முறிந்தால் முதியவர் நடமாட்டமே போய்விடும். உயிருக்கே ஆபத்து வரும். தாடைக் கெடுதல் வருவது மிகச் சிலருக்கு. எலும்பு முறிவு வருவது மிகப் பலருக்கு.

டெனோசுமாப் என்ற ஊசியை ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடுவார்கள். அதை நாள் தவறிப் போட்டால் எலும்பு வேகமாகக் கரையும். முதுகெலும்பு நொறுங்கலாம். ஆகவே எந்த மருந்தையும் தானாக நிறுத்தக் கூடாது. தள்ளியும் போடக் கூடாது. எலும்பு டாக்டரும் பல் டாக்டரும் கலந்து பேசி முடிவு செய்ய வேண்டும்.

தடுப்பது எப்படி?

மருந்து தொடங்கும் முன்பே ஒரு முறை பல் டாக்டரிடம் வாயைக் காட்ட வேண்டும். பிடுங்க வேண்டிய பல்லை அப்போதே பிடுங்கி, புண் ஆறிய பிறகு மருந்தைத் தொடங்குவது நல்லது. புற்றுநோய்க்காரர்களுக்கு இது மிக முக்கியம்.

மருந்து தொடங்கிய பிறகு காலையும் இரவும் பல் துலக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை பல்லைக் காட்ட வேண்டும். பல் செட்டு உரசினால் சரி செய்துகொள்ள வேண்டும். சொத்தைப் பல்லைப் பிடுங்காமல் வேர் வைத்தியம் செய்து காப்பாற்ற முடியுமா என்று கேட்க வேண்டும். சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்க வேண்டும். புகையிலையை விட வேண்டும்.

எழுத்து எப்படி உதவும்?

பல் டாக்டர் முன்னால் ஒரு பாட்டி உட்கார்ந்திருப்பதாக எண்ணிக்கொள்வோம். பல் பிடுங்க வந்திருக்கிறார்.

"பாட்டி, வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?"

"சர்க்கரைக்கு மட்டுந்தாம்ப்பா. வேற ஒண்ணும் இல்ல."

பாட்டி பொய் சொல்லவில்லை. அவர் தினமும் சாப்பிடுவது சர்க்கரை மாத்திரை மட்டும்தான். ஆனால் போன தை மாதம் ஆஸ்பத்திரியில் எலும்புக்கு ஒரு டிரிப் ஏற்றினார்கள். அது வருடத்துக்கு ஒரு முறை ஏற்றுவது. அதைப் பாட்டி மாத்திரைக் கணக்கில் சேர்க்கவில்லை. டாக்டர் மாத்திரை என்று கேட்டார். பாட்டி மாத்திரையைச் சொன்னார். ஊசி விட்டுப் போயிற்று. ஆபத்து நுழையும் சந்து இதுதான்.

நிறுத்தி வருடங்கள் ஆன மருந்தையும் சொல்ல வேண்டும். இந்த வகை மருந்துகள் பல எலும்பிலேயே ஆண்டுக் கணக்கில் தங்கியிருக்கும்.

இங்கேதான் படித்த எழுத்து கைகொடுக்கிறது. மாத்திரை அட்டையில் ஆங்கில எழுத்து இருக்கும். அதைப் படிக்கத் தெரியாவிட்டால் கவலை இல்லை. மருந்துக் கடைக்காரரிடமோ நர்ஸ் அம்மாவிடமோ, "இதன் பெயரை வாயால் சொல்லுங்கள்" என்று கேட்கலாம். கேட்டதைத் தமிழில் எழுதிக்கொள்ளலாம். ஒரு சின்ன நோட்டுப் போதும். மருந்தின் பெயர், மாத்திரையா ஊசியா, தொடங்கிய மாதம், கடைசியாகப் போட்ட தேதி, எதற்காகத் தந்தார்கள், இந்த ஐந்தையும் எழுத வேண்டும்.

இந்தப் பெயர்களைப் படித்துப் பாருங்கள்: அலென்ட்ரோனேட், ரிசெட்ரோனேட், ஐபாண்ட்ரோனேட், சோலெட்ரோனிக் ஆசிட். எல்லாவற்றிலும் "ட்ரோ" என்ற எழுத்துகள் வருகின்றன. இது ஒரு நல்ல அடையாளம். ஆனால் இதை மட்டும் நம்பக் கூடாது. மெட்ரோனிடசோல் என்ற மாத்திரையிலும் "ட்ரோ" உண்டு. அது கிருமியைக் கொல்லும் மாத்திரை. எலும்பு மருந்து இல்லை. டெனோசுமாப் என்ற பெயரிலோ "ட்ரோ" இல்லவே இல்லை. அது எலும்பு மருந்து. ஆகவே எழுதிக்கொண்டு, "இது எலும்புக்கான மருந்தா?" என்று கேட்டுவிட வேண்டும்.

எங்கே போவது?

ஜோகுபாளையத்துக்காரர்கள் ஹலசூரு நிலையத்தில் மெட்ரோ ரயில் ஏறலாம். மெஜஸ்டிக்கில் பச்சைப் பாதைக்கு மாறி, கே.ஆர். மார்க்கெட் நிலையத்தில் இறங்கலாம். பக்கத்தில் விக்டோரியா ஆஸ்பத்திரி இருக்கிறது. அந்த வளாகத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பல்லையும் தாடையையும் அங்கே காட்டலாம். புற்றுநோய்க்கு ஓசூர் சாலைப் பக்கம் கித்வாய் நினைவு மருத்துவமனை இருக்கிறது. அங்கே மருந்து பெறுகிறவர்கள், "ஊசி தொடங்கும் முன் பல்லைக் காட்ட வேண்டுமா?" என்று தாங்களே கேட்கலாம். கேட்பதில் வெட்கம் இல்லை.

அல்சூர் ஏரிக்கரையில் வள்ளுவர் சிலை நிற்கிறது. பல ஆண்டுகள் மூடிக் கிடந்து 2009-ல் திறக்கப்பட்ட சிலை அது. அந்த வள்ளுவர் மருந்து என்று ஓர் அதிகாரமே எழுதினார். நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்தில் இருந்து கவனிப்பவர் ஆகிய நான்கும் சேர்ந்ததே வைத்தியம் என்பது அவர் கருத்து. டாக்டர் தன் பங்கைச் செய்வார். மருந்து தன் வேலையைச் செய்யும். மற்ற இரண்டு பேரும் வீட்டில்தான் இருக்கிறார்கள்.

பேரன் பேத்தியோ, மருமகளோ, படிப்பு வட்டத்தில் எழுதப் பழகிய பாட்டியே தானோ, யாராவது ஒருவர் அந்த நோட்டை எழுத வேண்டும். பல் டாக்டரிடம் போகும்போது அது பையில் இருக்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்ததும், வாயைத் திறக்கும் முன், நோட்டைத் திறந்து காட்ட வேண்டும்.